முதல் தடவை பார்க்கிறவர்

“மறுபடியும் தப்பு” என்றார் ஷ்யாம்சுந்தர். அவர் மனைவி நாகலக்ஷ்மி பதினோராவது தடவையாக, ஒன்றுமே இல்லாத இடத்தைத் தொட்டிருந்தாள்.

“பட்டன் எங்கங்க இருக்கு? வெள்ளைப் பேப்பர்ல மோர் கொட்டின மாதிரி இருக்கு.” கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“அது லைட் கிரே. இப்ப அதான் ஸ்டைல். மினிமல்னு பேரு.”

“பேரு என்னவோ இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியணும் இல்ல?”

போனில் இருந்தது அவரே செய்த ஆப். மேடவாக்கம் பக்கம் இருக்கும் அபார்ட்மென்ட்காரர்கள் தண்ணீர் லாரி புக் பண்ணுவதற்கு. நாலு இடத்தில் தொட்டால் லாரி புக் ஆகிவிடும், தொட வேண்டிய இடம் தெரிந்தால்.

அவருக்கு வேலை போய் எட்டு மாதம். நாற்பத்தொன்பது வயதில் குரோம்பேட்டையில் ஒரு மாடியில் நடக்கும் மொபைல் ஆப் கோர்ஸில் சேர்ந்திருந்தார். நாளைக்குக் கடைசிப் பரீட்சை. பாஸ் பண்ணினால் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு அனுப்புவார்கள். எட்டு மாதத்தில் கண்ணில் படுகிற முதல் இன்டர்வியூ அதுதான்.

பரீட்சைதான் விசித்திரமாக இருந்தது. ஆப்பை இதற்கு முன்னால் பார்க்காத ஒருவரை அழைத்து வரவேண்டும். அவர் இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு லாரி புக் பண்ணவேண்டும். ஆப் செய்தவர் பின்னால் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

வகுப்பு எடுக்கும் கிறிஸ்டினாவுக்கு அவர் வயதில் பாதி இருக்கும். மூன்று வாரமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். “சார், எழுத்தைப் பெருசாக்குங்க. கலரைக் கொஞ்சம் டார்க் பண்ணுங்க.” ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து கத்தினாரே தவிர, எழுத்தில் கை வைக்கவில்லை.

“அந்தப் பொண்ணு சொன்னதைச் செஞ்சாதான் என்ன?” என்றாள் நாகலக்ஷ்மி.

“நீயும் ஆரம்பிக்காத. இருபது வருஷம் ஒரு பிளான்ட்டையே ஓட்டினவன் நான். பட்டன் என்ன கலர்ல இருக்கணும்னு அவ எனக்கு சொல்லித் தரா. நீ எழுத்தைப் பாக்காத. இடத்தை மனப்பாடம் பண்ணு. மேல இடது ஓரம். நடுவுல மூணாவது கட்டம். அப்புறம் வலது ஓரம். கடைசியா கீழ.”

“பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கே நான் இப்படி மக்கப் பண்ணல.”

“இப்ப பண்ணு. அந்தப் பொண்ணு கேட்டா, இப்பத்தான் முதல் தடவை பாக்கறேன்னு சொல்லிடு.”

“பொய்யும் மனப்பாடமா?”

அவர் எட்டு மாதமாகப் பீரோவில் கிடந்த ஆபீஸ் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். நாகலக்ஷ்மிக்குப் பாவமாக இருந்தது. சப்பாத்திப் பலகையை போன் மாதிரி வைத்துக்கொண்டு, மாவு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மேல, மூணு, வலது, கீழ. சாயங்காலத்துக்குள் கை தானாகப் போக ஆரம்பித்தது.

மறுநாள் காலை அவர் வாசலில் செருப்பு போட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். கைப்பை புடவைக்கு ஒத்துவரவில்லை என்று கடைசி நிமிஷத்தில் வேறு பையை எடுத்தாள் நாகலக்ஷ்மி. பர்ஸையும் போனையும் மட்டும் அதில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

தாம்பரத்தில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் போனை அவரிடம் நீட்டினாள். “ஸஹானா என்னவோ அனுப்பியிருக்கா. என்னன்னு பாருங்க.”

“பொண்ணு மெசேஜ் ஒரு மணி நேரம் காத்திருக்கும். நீ சொல்லு. மேல?”

“மூணு, வலது, கீழ. தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வேன், விடுங்க.”

சானடோரியம் தாண்டுவதற்குள் நாலு தடவை சொல்ல வைத்துவிட்டார்.

வகுப்பில் கிறிஸ்டினா ஆப்பைத் திறந்து, போனை நாகலக்ஷ்மி கையில் கொடுத்தாள். “மேடம், இதை முன்னாடி பாத்திருக்கீங்களா?”

“இல்லம்மா. இப்பத்தான் முதல் தடவை பாக்கறேன்.”

ஸ்டாப்வாட்ச் ஓட ஆரம்பித்தது. மேல. மூணாவது கட்டம். வலது. கீழ. விரல் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. லாரி புக் ஆனதற்கு அடையாளமாக டிங் என்று சத்தம் வந்தது. பத்தொன்பது வினாடி.

கிறிஸ்டினா ஸ்டாப்வாட்சை இரண்டு முறை பார்த்தாள். “இங்க ஒரு நிமிஷத்துக்குள்ள யாரும் முடிச்சதே இல்ல சார்.”

ஷ்யாம்சுந்தர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று வாரத்து எரிச்சல் அவ்வளவும் போய் முகம் தெளிந்திருந்தது.

“சாரி சார். எழுத்து கண்ணுக்குத் தெரியாதுன்னு நான்தான் உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன் போல.” கிறிஸ்டினா பேனாவை மார்க் ஷீட்டில் ‘பாஸ்’ என்ற கட்டத்துக்குக் கொண்டுபோனாள். டிக் போடும் முன் நாகலக்ஷ்மி பக்கம் திரும்பினாள். “ஒரே ஒரு கேள்வி மேடம், ஃபார்ம்ல எழுதறதுக்கு. எழுத்தெல்லாம் படிக்க சௌகரியமா இருந்துதா?”

இந்தக் கேள்விக்கு ஒத்திகை நடக்கவில்லை. மனப்பாடம் பண்ணி வந்த ஒரே பொய்யையும் அவள் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள். திரும்பிக் கணவரைப் பார்த்தாள். வாயைத் திறக்கக் கூடாதவர், ‘ஆமா’ என்கிற மாதிரி வேகமாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

நாகலக்ஷ்மி கைப்பையைத் திறந்து ஒரு தடவை துழாவிப் பார்த்தாள்.

“என் கண்ணாடி வீட்ல அந்தப் பையிலயே இருக்கும்மா. நாளைக்குப் போட்டுட்டு வந்து படிச்சுப் பாத்து சொல்லட்டுமா?”