கத்தரிக்குள் கூட்டம்

ஓடைப் புதருக்குள் புலி படுத்திருக்கிறதாம். அதைப் பார்க்க வந்த ஊரே அவளுடைய கத்தரிச் செடிகளுக்குள் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறது. பனி காயாத பிஞ்சுகள் செருப்புகளுக்கடியில் நசுங்குகின்றன. "வெளிய வாங்கய்யா, இதுதான்யா எங்க சோறு!" என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "மெதுவாக்கா, புலி முழிச்சிக்கப் போகுது" என்கிறான் ஒருவன். "முழிக்கட்டும்டா. அப்பவாவது எடத்தக் காலி பண்ணுவீங்கல்ல?" விசில் ஊதி ஓய்ந்துபோன வனக்காவலர் அவளைக் கூப்பிட்டு ஈர வரப்பைக் காட்டுகிறார். அகலமான காலடித் தடங்கள் வரப்போடு வந்து, வரப்போடே ஓடைக்கு இறங்கியிருக்கின்றன. "பாத்தீங்களாம்மா, புலி ஒரு செடியக்கூட மிதிக்கல." அவள் தடத்தைப் பார்க்கிறாள், பிறகு அவருடைய பூட்ஸைப் பார்க்கிறாள். "அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க கொஞ்சம் காலை எடுங்கய்யா, செடி மேல நிக்கிறீங்க."