ஏழாம் அறையில் இரண்டு வட்டங்கள்

பாசிச் சுவர்கள் வாடாமலிருக்க மனித மூச்சு வேண்டும். அதனால் விருந்தினர் வராத மழைக்காலத்தில், கொல்லிமலை நலவாழ்வு விடுதியின் ஒவ்வோர் அறையிலும் ஒருவரைச் சம்பளத்துக்குத் தங்கவைப்பார்கள். இன்னோர் ஆளைச் சேர்த்துக்கொண்டால் வேலை போய்விடும்.

விடுதி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, மேலாளர் ஆல்பர்ட் ஏழாம் அறையைப் பார்க்க வந்தார். அங்கே தங்கியிருந்த தவமணி கதவோரம் நின்றாள். மூச்சு படும் இடத்தில் பாசி அடர்ந்து வளரும். கட்டிலின் தலைமாட்டில் ஒரு பச்சை வட்டம் இருந்தது. சற்றுக் கீழே, சின்னதாக இன்னொன்று.

“இது யாரும்மா?”

“நான்தான் சார். பொரண்டு பொரண்டு படுப்பேன்.”

“பொரண்டா தலை சின்னதாயிடுமா?”



அவர் குனிந்து சின்ன வட்டத்தைத் தொட்டார். பெரியதைவிட அதுதான் அடர்த்தி. ஆனால் ஓரம் மஞ்சளாகப் பழுக்கத் தொடங்கியிருந்தது.

“எப்ப போச்சு இந்த ஆளு?”

“முந்தாநாள் சார். நீங்க வர்றீங்கன்னு புள்ளைய வீட்டுல விட்டுட்டேன். இங்க இருந்த மட்டும் ஒரு நாள்கூட இழுப்பு வரல. இப்ப அந்தத் தகரக் கொட்டாயில மறுபடி இழுக்குது.”

ஆல்பர்ட் பழுத்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது பட்டுப்போனா சுவர் அசிங்கமாயிடும். அந்த ஆளைத் திரும்ப இங்க அனுப்பு.”

“தனியாப் படுக்கமாட்டா சார்.”

“ஓர் அறைக்கு ஒருத்தர்தான். நீ வராண்டால படு. கதவைத் திறந்து வெச்சுக்கோ, மூச்சை மட்டும் உள்ள விடாத.”