நான்காம் முறை மடிக்கும் சட்டை

மதிய வெயில் அலமாரிக் கண்ணாடியில் பட்டு எதிர்ச்சுவரில் நடுங்குகிறது. சாரம் சரிந்து இறந்துபோன கொத்தனாரின் சட்டையை அவருடைய மனைவி மூன்று முறை மடித்து வைத்தாகிவிட்டது. ஆவணப்படம் எடுக்க வந்த பெண் கேமராவுக்குப் பின்னாலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். "இன்னும் ஒரே ஒரு தடவைக்கா."

"முதல் தடவை அழுதேனேம்மா, அது போதாதா?"

"அதுலதான்க்கா லாரி ஹாரன் விழுந்துடுச்சு."

அவள் தலையாட்டிவிட்டுச் சட்டையைப் பிரித்து உதறுகிறாள், காலரை நீவுகிறாள். கண்கள் வறண்டிருக்கின்றன. போன தடவை எந்தக் கையை முதலில் மடித்தோம் என்பது மட்டுமே மனத்தில் ஓடுகிறது. இடது கை. மடிக்கிறாள். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றுகிறார். "இந்தத் தடவை ஒரு சத்தமும் இல்ல. சுத்தமா இருக்கு," என்கிறார்.