சென்னையா, கல்கத்தாவா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. மழை விட்ட பிற்பகல் வெளிச்சம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் ஜன்னல் வழியாக மேசைமேல் விழுகிறது. அங்கே இரண்டு பல்கலைக்கழகக் கையேடுகள் விரிந்து கிடக்கின்றன. ஒன்று சென்னை, மற்றொன்று கல்கத்தா. ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடிப்பதற்குச் சற்று முன் கடல் கடந்து கப்பலில் வந்தவை. மகன் நடேசன் பி.காம் படிக்க எதில் சேர்வது என்று அப்பா, அம்மா, அவன் மூவரும் அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. நடேசன்தான் வீட்டில் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் பாசாருக்குச் சாமான் வாங்கப் போனவனை ஜப்பான் சிப்பாய்கள் லோரியில் ஏற்றிச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன்பின் ஒரு வரிகூடச் சேதி இல்லை.

“ரெண்டும் பெரிய யுனிவர்சிட்டிதான். ஆனா வணிகப் படிப்புன்னா கல்கத்தாதான். சண்டை முடிஞ்சா எல்லாரும் முட்டி மோதுவாங்க, இப்பவே முடிவு பண்ணிடணும்” என்கிறார் அப்பா கனகசபை. குரல் நிதானமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்.

மனைவி செண்பகவல்லி அடுப்பில் வேகும் மரவள்ளிக்கிழங்கைக் கிளறிக்கொண்டு நிற்கிறாள். சென்னையில் அவள் அக்கா இருக்கிறாள்; பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைக்கும். அதனால் இத்தனை நாளும் சென்னைதான் என்று பிடிவாதம் பிடித்தவள். இன்று அகப்பையை வைத்துவிட்டு மேசையருகே வருகிறாள்.

“என்னங்க, சயாமிலேருந்து எது கிட்ட?”

கனகசபை கையேட்டை மூடி வைக்கிறார். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிறது.

“கல்கத்தா” என்கிறார்.

“அப்ப அங்கயே சேரட்டும்.”