காலி என்று சொன்ன பிரிண்டர்

புது கார்ட்ரிட்ஜ் விலை அதிகமென்று, பழையதிலேயே மை நிரப்பி வந்து மாட்டினார் ஜெராக்ஸ் கடைக்காரர். பிரிண்டர் உடனே சிவப்பு விளக்கைப் போட்டது.

"யாருப்பா நீ? கம்பெனி ஸ்டிக்கர் எங்கே?"

"நான்தான் அண்ணே! போன வாரம்வரை உங்களுக்குள்ளேதானே இருந்தேன்? மை நிரப்பும்போது ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது."

"அவன் காலி. அதைச் சொன்னதே நான்தான். நீ வெளியாள்."

"ஒரு தாள் அடித்துப் பாருங்கள் அண்ணே. இல்லாவிட்டால் நம் இருவரையும் ஒதுக்கிவிடுவார்."

பிரிண்டர் அசையவில்லை. காத்திருந்தவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வேறு பிரிண்டர் வாங்கிவிட்டு, இதைக் கார்ட்ரிட்ஜோடு பரணில் ஏற்றினார்.

"நான்தான் அண்ணே," என்று கார்ட்ரிட்ஜ் அங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தது. மை உலர உலரக் குரல் தேய்ந்தது.

ஒருநாள் பிரிண்டர் மெல்லக் கேட்டது: "தம்பி, நிஜமாகவே நீதானா?"

கார்ட்ரிட்ஜுக்குள் மை முழுவதும் இறுகிப்போயிருந்தது.