ஒரு பெயருக்கு இடம்

"இன்னும் ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு அண்ணே. நீங்க ஊரையே எழுதச் சொல்றீங்க!"

ஹெர்மோன் நாணல் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சிரிக்கிறான். பார்வை மங்கிய போதகர் அரிஸ்தோன் சொல்லச் சொல்ல, கொரிந்துச் சபைக்கு அவன் எழுதும் கடிதத்தின் கடைசி வாழ்த்து வரிகளில் ஈர மை காலை வெயிலில் மினுங்குகிறது. எபேசுத் துறைமுகத்திலிருந்து மாலுமிகளின் கூச்சல் கேட்கிறது. கடிதத்தைக் கொண்டுபோய் அங்கே வாசிக்கப்போகிற மெலித்தா பயணச் செருப்பைக் கட்டுகிறாள்.

"அப்போ மெலித்தா பேரை எழுது. என்னோட உழைச்சவ, நம்பி ஏத்துக்கச் சொல்லு" என்கிறார் போதகர்.

மெலித்தாவின் பார்வை முற்றத்துக்குப் போகிறது. அடிமைப்பெண் நொன்னா முழங்கை வரை மாவோடு வழிப்பயணத்துக்கான ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருக்கிறாள். அரிஸ்தோன் சிறையில் கிடந்த குளிர்காலம் முழுவதும் அவருக்கு ரொட்டி கொண்டுபோனவள். அந்த ரொட்டி இல்லாவிட்டால் இன்று இந்தக் கடிதமே இல்லை. அவள் பெயர் இதுவரை எழுதப்பட்டது, அவளை விற்ற சீட்டில் மட்டும்தான்.

"என் பேருக்குப் பதிலா நொன்னா பேரைப் போடு."

"அக்கா, உன் பேர் இல்லேன்னா கொரிந்துல கதவைத் திறக்க மாட்டாங்க. வேவு பாக்க வந்தவன்னு துரத்துவாங்க!"

"துரத்தட்டும். திறக்கிற வரைக்கும் வாசல்ல உக்காந்து பாடுறேன். என் குரலுக்குப் பயந்தாவது திறப்பாங்க."

மெலித்தா போதகரின் அருகில் மண்டியிட்டு, அவருடைய மெலிந்த கையைப் பற்றிக்கொள்கிறாள்.

"அண்ணே, அவளும் உங்களோட உழைச்சவன்னு எழுதச் சொல்லுங்களேன்."