பதினோரு டிக்கெட்

"இந்தா பாருங்க. ஒரே படத்துக்குப் பதினோரு டிக்கெட்."

கொடியிலிருந்து விழுந்த மூக்கையாவின் சட்டையை எடுத்து மாட்டப் போன நதியா, அதன் பையில் இருந்ததை எல்லாம் புருஷன் முன்னால் கொட்டினாள். முனீஸ் எடுத்துப் பார்த்தான். எல்லாமே அந்தப் போர்ப் படத்துக்கு எடுத்த காலைக் காட்சி டிக்கெட்.

மூக்கையா அவனுக்கு ஊர்க்காரர். நிட்டிங் மெஷினில் நைட் ஷிப்ட். முனீஸ் பகலில் பனியன் தைப்பவன். இரண்டு வருஷமாக ஒரே ரூம். நதியா கைக்குழந்தையோடு ஊரிலிருந்து வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. வந்த மறுநாளிலிருந்து மூக்கையா பகலில் ரூமுக்கே வருவதில்லை. கேட்டால், "பகல்லயும் ஓவர்டைம் ஓடுது தம்பி" என்பார்.

மூக்கையாவின் கம்பெனி வாட்ச்மேன் நல்லானிடம் விசாரித்தான் முனீஸ்.

"ஓவர்டைமுங்களா? காலைல எட்டு மணிக்கெல்லாம் கெளம்பிருவாருங்களே."

அவ்வளவுதான், நதியா பிடித்துக்கொண்டாள்.

"எவளோடயோ சுத்துறாரு. பச்சப்புள்ள இருக்குற இடம் இது. காலி பண்ணச் சொல்லுங்க."

முனீஸ் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தியேட்டருக்குப் போனான்.

உள்ளே ஒரே அமர்க்களம். குண்டு வெடிக்க வெடிக்க விசில். ஒருத்தன் சீட் மேலேறி நின்று, "விடாதே, போடு" என்று எல்லைக்கே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான்.

கடைசி வரிசையில் மூக்கையா. பக்கத்துச் சீட்டில் துண்டைப் போட்டு வைத்திருந்தார். ஆள் வரப் போகிறாள் என்று முனீஸ் பல்லைக் கடித்தான். ஆனால் மனுஷர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

திரையில் கடைசிச் சிப்பாயும் சாய்ந்தான். சத்தம் சட்டென்று நின்றது. கொடி போர்த்திய பெட்டியைப் பார்த்துத் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது.

மூக்கையா திடுக்கிட்டு எழுந்தார். "நூல் அறுந்துருச்சா? மெஷின் நின்னுருச்சே."

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "ஏனுங்க, நாட்டுக்காக ஒருத்தன் செத்துக் கெடக்கறான். உங்களுக்கு நூலுங்களா முக்கியம்?"

முனீஸ் துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். "ஓவர்டைம் இங்கதான் ஓடுதாண்ணே? யாருக்கு இடம் போட்டிருக்கீங்க?"

"யாருக்குடா போடப் போறேன்? காலை நீட்டிக்கத்தான். இருபது வருஷமா மெஷின் சத்தத்துலயே கிடந்த காது. இந்த வெடிச் சத்தத்துக்குத்தான் நல்லாத் தூக்கம் வருது. வெள்ளிக்கிழமை காதல் படம் போடுறாங்களாம். அதுல எங்க தூங்குறது?"

மழுப்புகிறார் என்றே பட்டது முனீஸுக்கு. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைப் போட்டு உடைத்தான்.

"நேரா சொல்லிர்றேண்ணே. ரூமைக் காலி பண்ணிருங்க."

மூக்கையாவுக்குக் கோபம் வரவில்லை.

"வேற ரூம் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. கிடைக்கிற வரைக்கும்தான் இந்தத் தியேட்டர். பத்துக்குப் பத்து ரூமுல நான் நீட்டிப் படுத்துக் கிடந்தா, அந்தப் பொண்ணு எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து புள்ளைக்குப் பால் கொடுக்கும்?"